வியாழக்கிழமைப் புயல்

"தலையைப் பாத்து, தலையைப் பாத்து!" என்று கத்திக்கொண்டே நான்காவது மாடிக்காரர் முன்னால் ஏறினார். தோள் பக்கம் மகன் பிடித்திருந்தான், கால் பக்கம் காவலாளி. மாடிப்படியில் சுருண்டு விழுந்த அப்பாவை டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும்.

"லிஃப்ட்டை எவன்யா நிறுத்தினது?"

"பெரியவரேதான் சார். காலையிலயே லிஃப்ட்டு மெயின் சுவிட்சை எறக்கிப் பூட்டிட்டாரு. அப்புறம் வீடு வீடா ஏறி எறங்கி, இன்னிக்கு லிஃப்ட் பக்கம் போகாதீங்கன்னு சொல்லிட்டு வந்தாரு" என்றான் காவலாளி.

"இருதயக் கோளாறை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா? கடைசி காலத்துல புத்தி பிசகிடுச்சு, பாவம்."

மகன் அப்பாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறினான்.

அப்பா முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மின்சாரம் போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அலறுவதை எத்தனையோ தடவை கேட்டவர். கரண்ட் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், லிஃப்ட்டைக் காலி செய்து நிறுத்திவிட வேண்டும். அவர் தொழிலில் அது பாலபாடம்.

தெரிவித்தது மகன்தான். விண்வெளி பற்றி வீடியோ போடுவது அவன் பிழைப்பு. எரிகல், வெடிக்கும் நட்சத்திரம், கருந்துளை என்று வாரம் ஒரு தடவை பூமியை அழித்துக்கொண்டிருந்தான். போன வாரம், பெரிதாக வந்தால் மின்சாரத்தையே முடக்கிவிடும் சூரியப் புயலின் முறை. 'வியாழக்கிழமை உலகமே இருண்டுவிடுமா?' என்று தலைப்பு வைத்தான். சின்னப் புயல், அங்கங்கே ரேடியோ கரகரக்கலாம், அவ்வளவுதான் என்று ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையில் இருந்தது. அதை அவன் வரி வரியாகப் படித்திருந்தான். அப்படிச் சொன்னால் எவன் பார்ப்பான்? கேள்விக்குறிதான் போட்டிருக்கிறோமே, பொய்யாகாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

தனியாகக் குடியிருக்கும் அவனுக்கு நேற்று அப்பா போன் செய்து, "நிச்சயமா வருதாடா?" என்று கேட்டார். அவன் அடுத்த வீடியோ வேலையில் இருந்தான். "அதான் வீடியோவுல சொல்லியிருக்கேன்லப்பா, பாருங்க" என்று வைத்துவிட்டான்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. நான்காவது மாடிக்காரர் மறுபடியும் புத்தியைப் பற்றி ஆரம்பித்தார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அவரு புத்திக்கு ஒரு குறையும் இல்ல. எம்புள்ள படிச்சவன். அவன் சொன்னான், இவரு செஞ்சாரு. நீயே எடுத்துச் சொல்லுடா இவங்களுக்கு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்குவரை வந்துவிட்டது.

"இல்லம்மா. அது சின்னப் புயல்தான். கரண்டெல்லாம் போகாது. எனக்கு அப்பவே தெரியும்."

நான்காவது மாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மகனுக்குப் பூமி பிளந்து தன்னை மட்டும் விழுங்கினால் போதும் என்றிருந்தது.

அம்மா பீரோவைத் திறந்து, தேய்த்து வைத்திருந்த அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடிக்க மகன் குனிந்தான்.

"நீ இரு" என்றாள்.

பிறகு வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் கை குடுப்பா" என்றாள். காவலாளி கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.