மாப்பிள்ளை இன்னும் கப்பல் ஏறவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குடையக்கூடாது. என் தங்கையிடமிருந்து வந்தது, சற்று முன்பு, போனில். அவள் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் இருக்கிறாள். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பப் போகிறது. கரையில் இறங்கிப் போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை.

"வெச்சுடுக்கா, கவுன்ட்டர்ல கேட்டுட்டு நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். அதுவரை நான் என்ன செய்வது? பதற்றம் வந்தால் சிலர் பாத்திரம் துலக்குவார்கள். எங்கள் அம்மா பீரோவைக் காலி செய்து மறுபடி அடுக்குவாள். எனக்கு எழுத மட்டும்தான் வரும். "என்னை வெச்சு மட்டும் எழுதிடாதே" என்று தங்கை பல தடவை சொல்லியிருக்கிறாள். மன்னித்துக்கொள்ளடி. பேனாவை எடுத்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்.

'வெண்ணிறக் கப்பல் ஒன்று நீலக் கடலின் மீது'

வேண்டாம். நான் கப்பலில் கால் வைத்ததே இல்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

'அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கரையில்'

கரையில் என்ன? அது தெரிந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்!

'லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர் விடுமுறைக்குப் போனார்.'

இது பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் வேலை. லிஃப்டுகளில் ஏறி இறங்கி, கயிறும் பிரேக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர். கப்பலிலும் மனுஷர் சும்மா இருக்கவில்லையாம். ஏறிய அன்றே லிஃப்டின் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போகப் போகுது" என்றாராம். கூட நின்ற நாலு பேர் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்கள். தங்கை அன்றைக்கே போனில் இதைச் சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள்.

(இன்னொருவரும் உண்டு. தங்கையின் மாமனார். ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. சர்க்கரை வியாதிக்காரர், கண்ணும் மங்கல். சாப்பாட்டுக்கு முன்னால் மகனோ மருமகளோதான் ஊசி போட வேண்டும். கப்பலில் நம்மவர்கள் இந்த மூன்று பேர்தான். புதிதாக யாரையும் கொண்டுவர மாட்டேன், எனக்கே அதற்குத் தெம்பில்லை.)

3

கூப்பிட்டாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல பாத்தாங்க. இறங்கும்போதும் ஏறும்போதும் கார்டைத் தேய்க்கணும். அவர் இறங்கினது காட்டுது. ஏறினது காட்டலை."

"போன் பண்ணிப் பாத்தியா?"

"போன் இங்கதான் சார்ஜ்ல கிடக்கு."

"எதுக்குத்தான் இறங்கினார்?"

"மாமாவுக்கு ஷூ வாங்க. காலையில மூணு பேரும் போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டோம். அப்புறம் மாமா, ஷூ கடிக்குது, இதைப் போட்டுக்கிட்டு கேப்டன் விருந்துக்கு வர மாட்டேன்னு உக்காந்துட்டார். இவர் சரி, நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்னு கிளம்பினார்."

"மாமாகிட்டச் சொல்லிட்டியா?"

"எப்படிக்கா சொல்றது? காது மெஷினைக் கழட்டி வெச்சிருக்கார். ஸ்பீக்கர்ல எங்க ரூம் நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாங்க, இவர் பாட்டுக்குக் கண்ணாடி முன்னால கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். 'பையன் எங்கம்மா, டை கட்டி விடணுமே'ங்கறார்."

பேசிக்கொண்டே மேல்தளத்துக்கு வந்துவிட்டாள். காற்றின் இரைச்சலும் ஜனங்களின் சத்தமும் கேட்டன. கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது இந்தக் கப்பல்களில் ஒரு வழக்கமாம். கையில் குளிர்பானத்தோடு கம்பியில் சாய்ந்துகொண்டு, வீடியோ எடுத்துக்கொண்டு, கை தட்டி விரட்டுவார்களாம். திடீரென்று ஒரே ஆரவாரம்.

"யாரோ ஓடி வராங்கக்கா! ரெண்டு பேரு! கையில பை..." என்றாள். எனக்கு உயிரே வந்தது. "இல்லக்கா. வேற யாரோ, வெள்ளைக்காரத் தம்பதி. ஏறிட்டாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். என் காதிலேயே அடித்த மாதிரி இருந்தது.

4

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மாப்பிள்ளை நல்லவர். என் வீட்டுக்கு வந்தால் தட்டைத் தானே கழுவி வைப்பார். அப்பாவுக்கு ஷூ வாங்கப் போன நல்ல மனுஷர் தாமதமாகிவிட்டார் என்று எழுதினால் எந்தப் பத்திரிகை போடும்? கதை என்றால் ஒரு முள் வேண்டும். எழுதிப் பழகிய புத்தி தானாகவே முள்ளைத் தேடியது. போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தனியாகப் போயிருக்கிறார். போதாததற்கு, நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் மாமனார் ஒவ்வொரு தட்டையும் குறை சொன்னபோது, "இப்படியே எங்கயாவது இறங்கிப் போயிடலாம்போல இருக்கு" என்றாராம். இதையும் தங்கைதான் இன்று காலை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இதை எழுதினதோடு விட்டிருக்கலாம். அவள் மறுபடி கூப்பிட்டபோது வாய் சும்மா இருந்ததா?

"ஏன்டி, நேத்து அவர் என்னமோ சொன்னாருன்னியே, இறங்கிப் போயிடலாம்னு..."

கூட்டத்தை விட்டு நகர்ந்தாள்போல, ஜனங்களின் சத்தம் தேய்ந்தது.

"அது தமாஷுக்குச் சொன்னதுக்கா."

"தமாஷுக்குத்தான். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அக்கா." குரல் இறங்கிவிட்டது. "கொஞ்ச நாளா ஆபீஸ்லேருந்து வந்தா உடனே மேல வர்றதில்ல. வண்டியை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருக்கார். நான் பால்கனியிலேருந்து பாப்பேன். கேட்டா, பாட்டு முடியட்டும்னு இருந்தேன்ங்கறார்."

"பாட்டு கேக்கறது ஒரு குத்தமா?"

"ஜன்னல் திறந்துதான்க்கா இருக்கும். பாட்டு எதுவும் கேக்காது."

கப்பல் அதிகாரி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

5

மாற்று முடிவுகள். போன் வரும்வரை.

(அ) மாப்பிள்ளை ஷூ டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறார். தொப்பை குலுங்குகிறது. மேலே எல்லோரும் கை தட்டுகிறார்கள். தங்கை அத்தனை பேர் முன்னால் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். ஷூ மாமனாருக்குச் சேரவில்லை.

(ஆ) துறைமுகத்துக்கு எதிர்த்த சாரியில் ஒரு டீக்கடை. கண்ணாடியோரம் ஒரு மேஜை. அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஷூ டப்பா பக்கத்து நாற்காலியில், யாரோ கூட வந்த மாதிரி. டீ ஆறிவிட்டது. கப்பலின் பக்கவாட்டில் எத்தனையோ பால்கனிகள் தெரிகின்றன, அதில் தங்களுடையது எது என்று கண்ணால் தேடுகிறார், கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார். கால் மட்டும்

நிறுத்திவிட்டேன். (ஆ) நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. என் சொந்தத் தங்கையின் குடும்பத்தை ஒரு டீக்கடை மேஜையில் வைத்து நான் நகாசு வேலை செய்துகொண்டிருக்கிறேன். சீ!

6

"அக்கா! வாட்ச்! வாட்ச்சுக்கா!"

ஒன்றும் புரியவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

அவள் புகுந்த வீட்டில் எந்தக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. எல்லாமே கால் மணி நேரம் முன்னால் ஓடும். கோர்ட்டில் தாமதம் கூடாது என்று மாமனார் ஆரம்பித்து வைத்த சட்டம். கூடம், சமையலறை, மாப்பிள்ளையின் கை, எல்லாம் அதே கணக்குத்தான். நாளடைவில் எல்லோருக்கும் மனசுக்குள் கழித்துக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. ஆகமொத்தம் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் விடமாட்டார்கள்.

"இன்னிக்கிக் காலையில, எல்லாரும் கப்பல் நேரத்துக்கு வாட்ச்சை மாத்திக்கோங்கன்னு ஸ்பீக்கர்ல சொன்னாங்க. அவர் குளிச்சுக்கிட்டிருந்தார். நான்தான் மாத்தி வெச்சேன். எப்பவும் கால் மணி கூட்டித்தான் வெப்பேன். இன்னிக்கி மறந்து, சரியான நேரத்தையே வெச்சுட்டேன்! அவரு எப்பவும்போல கழிச்சிருப்பாரு. இன்னும் நேரம் இருக்குன்னு ஷூ கடையில சாவகாசமா நடந்து நடந்து பாத்துக்கிட்டிருக்காருக்கா. என்னாலதான். பாவி நான்தான்!"

"அடிப் பைத்தியமே, அழாதே. அப்ப இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவார்டி!"

"வந்தா கப்பல் இருக்காதேக்கா."

(இதைக் கதையாக அனுப்பியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். எனக்கோ இதை நம்பியே ஆகவேண்டும் போல இருந்தது. நம்பவும் செய்தேன். ஆனால் ஒரு தடவை உள்ளே விட்ட சந்தேகம் லேசில் வெளியே போகுமா? அந்தத் திறந்த ஜன்னல் வண்டி என் தலைக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அவள் தலைக்குள்ளும் நின்றிருக்கும்.)

"இப்ப நீ எங்க இருக்கே?"

"ரூம்ல. அதிகாரி வாசல்ல நிக்கறார். கப்பல் நிக்காதாம். அவரோட பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்தா, கரையில இருக்கற ஏஜென்ட்கிட்ட விட்டுட்டுப் போவாங்களாம். அதை வெச்சு அவர் ப்ளேன் பிடிச்சு அடுத்த துறைமுகத்துல வந்து ஏறிக்கலாமாம்."

"நானும் இறங்கிடவான்னு கேக்கப் போறியா?"

"மாமாவை வெச்சுக்கிட்டு எங்கக்கா இறங்கறது? ஊசி வேற இனிமேத்தான் போடணும்."

"அப்ப எடுத்துக் குடுடி. நேரம் ஆகுதில்ல?"

லாக்கர் முன்னால்தான் நிற்கிறேன் என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கரையில் இறங்கக் கப்பல் கார்டு போதும். ஷூ வாங்கப் போகிறவருக்குப் பாஸ்போர்ட் எதற்கு? அது லாக்கரில் இருந்தால், மனுஷர் தாமதமாகிவிட்டார், அவ்வளவுதான். இல்லையென்றால்...

"திறந்து பாரு" என்றேன்.

"கை வர மாட்டேங்குதுக்கா."

"நம்பர் தெரியும்ல?"

"எங்க கல்யாண நாள்தான்."

வாசலில் அதிகாரி கதவைத் தட்டினார். மேலே கப்பலின் ஊதல், போன் வழியாகவே என் மேஜை அதிர்ந்த மாதிரி இருந்தது.

"நீ சொல்றதுக்கு முன்னால எனக்கு அப்படித் தோணவே இல்ல தெரியுமா? லேட்டாயிடுச்சேன்னுதான் பதறிக்கிட்டிருந்தேன்" என்றாள். கோபம்கூட இல்லை. "நீ ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

கதை எழுதுகிறவளிடம் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "தெரியாம வாயில வந்துடுச்சுடி கண்ணு. திற. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.

பொத்தான்கள் அழுந்தும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, மெதுவாக. பின்னால் மாமனாரின் குரல், காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரல்.

"என்னம்மா தேடற? அவன் வந்துட்டானா?"

லைன் போய்விட்டது.

7

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். கப்பல் துறைமுகத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். நடுக்கடலில் போன் எடுக்காது. இனி அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு.

முடிவை நான் எழுத மாட்டேன். எழுத வராமல் இல்லை, சுலபமாக வருகிறது. இத்தனை வருஷமாக நான் எழுதிய கதைகளில் யார் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இருக்க வேண்டியது இருக்காது. அப்படித்தான் என் கை பழகியிருக்கிறது. இன்றைக்கு இந்தக் கையை நம்பி என் தங்கையை ஒப்படைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம், கெட்டிக்காரத்தனமாக எழுதாதீர்கள். லாக்கரைத் திறந்தால் மூன்று பாஸ்போர்ட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, மாப்பிள்ளை வைத்தது வைத்தபடி இருக்கட்டும். அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கட்டும். மாமனாருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, தெரிந்த மட்டும் டையைக் கட்டிவிடட்டும். கரையில் ஒருவர் ஓடி வந்து, கப்பலின் முதுகைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்ளட்டும். பிறகு அந்த ஏஜென்ட்டின் போனை வாங்கி என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, "அண்ணி, அவ ரொம்ப பயந்துட்டாளா?" என்று கேட்கட்டும்.

திருப்பம் இல்லை, முள் இல்லை, சப்பென்றுதான் இருக்கும், தெரியும். எழுதி முடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கதையா?" என்று என் முகத்துக்கு நேரே கேளுங்கள். அதைக் கேட்கத்தான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.