பழைய கிளப்புக்கு மரியாதை

வெளியே போ. கம்பத்தில் பட்டாவது வெளியே போ. அந்தக் கோல்கீப்பருக்குக் கை நீளம்தானே, விரல் நுனியிலாவது படு.

பந்து உள்ளே போயிற்று.

அவள் எழுந்து நின்று கைதட்டினாள். கணவர் கோல் போட்டால் மனைவி கைதட்டத்தான் வேண்டும். கேலரியில் அவளைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவள் மனசுக்குள் பந்தை வெளியே விரட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த மகளுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். மகள் பந்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் அவர் கோல் போட்ட இடத்திலேயே நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். யாரோ துப்பாக்கியை நீட்டியது போல இருந்தது. ஓடி வந்து கட்டிப்பிடித்த சக ஆட்டக்காரர்களுக்கு நடுவில், தவறான பஸ்ஸில் ஏறிவிட்டவர் மாதிரி நின்றார்.

"பாருய்யா, கோல் போட்டுட்டு கடன் கேக்க வந்தவன் மாதிரி நிக்கிறான்" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"எதிர் டீம் அவரோட பழைய கிளப்புங்க. அதுக்கு மரியாதை" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"போன வாரமும் இப்படித்தானே நின்னான்?"

"அதுவும் பழைய கிளப்பு."

"அதுக்கு முந்தின வாரம்?"

பக்கத்தில் இருந்தவர் சற்று யோசித்தார். "பழசுதான்."

தனக்குச் சோறு போட்ட கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் ஆட்டக்காரர் குதிக்கக் கூடாது, சட்டையைக் கழற்றிச் சுழற்றக் கூடாது. மன்னிப்புக் கேட்பது போலக் கையைத் தூக்கி நிற்க வேண்டும். இது சட்டமில்லை, ஒரு மரியாதை. பெரிய லீக்கில் ஆடுகிறவர்களுக்கு எப்போதாவது வரும் சங்கடம் இது. கீழ் லீக்கில் வருஷத்துக்கு ஒரு கிளப் என்று கைமாறிய ஸ்ட்ரைக்கருக்கு அதுவே பிழைப்பாகிவிட்டது. லீக்கில் இருந்த கிளப்புகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆடி முடித்திருந்தார். அந்த ஒன்றுக்கு எதிராகப் போட்ட கோலுக்கும் ஒருமுறை பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார். ஏன் என்று நிருபர் கேட்டபோது, "ஆடியிருப்பேன்னு நெனச்சேங்க" என்றார். சட்டையின் நிறம் குழப்பிவிட்டதாம்.

முதல் கிளப்பில் அவர் இப்படி இல்லை. அங்கே முதல் கோலைப் போட்டதும் ஓட ஆரம்பித்தவர், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மைதானத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெருவுக்கே போய்விட்டார். காவலாளி யாரோ வெளியாள் என்று நினைத்துத் திரும்ப உள்ளே விடவில்லை. கடைசியில் கோச் வந்து அழைத்துப் போனார், ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். அன்று தெருவில் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தவள் இவள். மூச்சு வாங்கச் சிரித்தபடி, "கோல் போட்டேங்க, உள்ள விட மாட்டேங்கிறாங்க" என்று முன்பின் தெரியாத அவளிடம் முறையிட்டார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள்.

அவர் இன்னும் ஆடாத அந்த ஒரு கிளப்பின் ஆள் இன்று கேலரியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரர்களைக் கிளப்புகளுக்குப் பேசி முடித்துவிடும் தரகர் காலையிலேயே போன் செய்திருந்தார். "தம்பி இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு போடட்டும், மிச்சத்த நான் முடிச்சுடறேன்." அவர் முடித்துவிட்டால் இன்னோர் ஊர். அதனால்தான் அவள் பந்தை வெளியே போகச் சொன்னாள்.

ஊர்கள் அவளுக்குச் சமையலறைகளாகத்தான் நினைவிருந்தன. கழுவும் தொட்டி இடுப்புக்குக் கீழே இருந்த ஊர், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடித்த ஊர், அவருடைய முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஐஸைத் தவிர ஃபிரிட்ஜில் வேறெதற்கும் இடமில்லாத ஊர். எல்லா ஊரிலும் பல் செட் செய்யும் லேப் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எல்லாவற்றிலும் கடைசி மேசையில், பிளாஸ்டர் கரைப்பதிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, மெழுகில் பல் பதிக்கும் மேசைக்கு வரும் சமயத்தில் வாசலில் லாரி வந்து நிற்கும்.

இந்த ஊரில் அந்த மேசைக்கு வந்துவிட்டாள். முன்பல்லை மயிரிழை திருப்பி வைத்தால்தான் வாயில் அது சொந்தப் பல் போல இருக்கும். அவள் திருப்பும் விதம் லேப் முதலாளியம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. போன மாதம் அந்த அம்மா, "எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது. இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்கோம்மா" என்று சாவியைக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். அவர் டிவியிலிருந்து திரும்பி, "சரி, நல்லது" என்றார். உள்ளங்கைகள் இரண்டும் தோள் வரை எழுந்து இறங்கின.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் துணி மடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்ததில், அவரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை என்று பட்டது. எந்த ஊரிலும் அவள் ஜன்னலுக்குத் திரை வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஓர் அளவுக்கு மேல் சிரித்ததில்லை. எப்படியும் விட்டுப் போகப் போகிற இடத்தில் சந்தோஷமாக இருப்பது, அந்த இடத்தை ஏமாற்றுவது போல இருந்தது. அவராவது கோல் போட்ட பிறகுதான் கையைத் தூக்கினார். அவள் குடிவந்த அன்றே தூக்கிவிடுவாள்.

மறுநாள் போய் ஒரு பீரோ வாங்கினாள். கனத்த இரும்பு பீரோ. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து வைத்தார்கள். அவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இத எப்படி எடுத்துட்டுப் போறது?"

"எங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவர் அந்தக் கோலைப் போட்ட ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலமே தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு எல்லா ஆட்டக்காரர்களும் தம்பிகள், தம்பிகளின் மனைவிகள் எல்லாரும் சிஸ்டர்கள்.

"முடிஞ்சிடுச்சு சிஸ்டர்! ரெண்டு வருஷம். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் எவன் குடுப்பான் சொல்லுங்க?"

அவர் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"இதுல இன்னொரு விசேஷம் இருக்கு" என்றார் தரகர். "இதுலயும் ஆடிட்டார்னா, இந்த லீக்ல எல்லா கிளப்புக்கும் ஆடின ஒரே ஆளு நம்ம தம்பிதான். சாதனை!"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "அப்ப எல்லா கிளப்பும் அப்பாவ வேண்டாம்னு அனுப்பிட்டாங்களா?"

தரகர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "பாப்பாவுக்கு அப்படியே அப்பா வாய்."

"அப்பா பேசவே மாட்டாரே" என்றாள் மகள்.

"அங்க முன்னாடி நிக்க ஆளே இல்லியாம்" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. "முழு ஆட்டமும் நான்தானாம். பாதியில இறக்க மாட்டாங்களாம்." குரலில் ஒரு துள்ளல் எட்டிப் பார்த்தது. அதை உடனே அடக்கிக்கொண்டார். தெருவில் மூச்சு வாங்க நின்ற அந்த முகம் ஒரு கணம் வந்து போனது. அவளுக்கு அவர் மேல் பாசம் பொங்கிற்று. அதுதான் சங்கடம். கோபம் வந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப லாரிக்குச் சொல்லிடவா சிஸ்டர்?"

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

தரகர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இந்த வீட்டின் தொட்டி அவளுக்குச் சரியான உயரத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்த ஊர்லயும் பல் செட் லேப் இருக்காம். விசாரிச்சுட்டேன்."

"எந்த மேசை?"

"என்ன மேசை?"

"ஒண்ணுமில்ல."

அவர் காலை மாற்றி நின்றார். "பீரோவப் பிரிச்சுடலாம். அதுக்கு ஆள் இருக்கான்."

"அது பிரிக்கிற பீரோ இல்லீங்க. வெல்டிங் வெச்சது."

"அப்ப வித்துடலாமா?"

டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த டீத்தூளை விரலால் தேய்த்தாள். பதிலில்லை என்றால் தரகரைப் போலவே அவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்தான். இத்தனை வருஷமும் அப்படித்தான் லாரி வந்தது. அதில் பாதி அவள் செய்தது.

"ஞாயித்துக்கிழமை லாரி" என்றார் அவர். "நீயும் பாப்பாவும் சாமானோடயே வந்துடறீங்களா? இல்ல, பரீட்சை முடிஞ்சு வர்றீங்களா?"

இரண்டு வழி கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே ஊருக்குப் போயின.

அவள் தொட்டியிலிருந்து திரும்பினாள். கையெல்லாம் சோப்பு நுரை. தரையில் சொட்டாமல் இருக்க இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்திருந்தாள், உள்ளங்கைகள் அவரைப் பார்த்தபடி.

"போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். அவை நின்ற உயரம் அவருக்கு நன்றாகத் தெரியும். நுரை அவள் மணிக்கட்டைத் தாண்டி மெல்ல வழிந்தது.

"நீயும் பாப்பாவும்?" என்றார்.

"போயிட்டு வாங்க" என்று அதே குரலில் மறுபடி சொல்லிவிட்டு, மிச்சமிருந்த டம்ளரைக் கழுவத் திரும்பினாள்.