எண்பத்தொன்றுக்குப் பின்னால் நிற்பவன்

"உனக்குப் புட்பால் பிடிக்கும்தானே?" என்று டென்னிஸ் கேட்டபோது விபினுக்குச் சிரிப்பு வந்தது. குமரிக் கடற்கரையில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? தலையை ஆட்டிவிட்டான். மறுநாள் போனைத் திறந்து பார்த்தால் வேறு கூத்து. முட்டை மாதிரி ஒரு பந்து, அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஹெல்மெட் மாட்டிய தடியன்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரளுகிறார்கள். அமெரிக்காக்காரன் அதைப் புட்பால் என்கிறான். யார் போய்க் கேட்பது?

டென்னிஸ், விபின் வேலை பார்க்கும் மெயின்டனன்ஸ் கம்பெனியின் மேனேஜர், டெக்சாஸ்காரர். கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளில்தான் கம்பெனிக்கு வேலை. ஆபீஸில் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வருஷா வருஷம் ஒரு கற்பனை லீக் நடத்துவார். ஆளாளுக்கு நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி போனில் ஒரு டீம் கட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அமெரிக்காவில் ஓடினால் இங்கே பாயின்ட் ஏறும். பந்தயம் கிந்தயம் கிடையாது. ஜெயித்தவன் மேசையில் ஒரு வருஷத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை நிற்கும், அவ்வளவுதான். இந்தத் தடவை ஒருவன் மாற்றலாகிப் போய்விட, அந்த ஓட்டையை அடைக்க விபின் அகப்பட்டான். மீட்டர்களைச் சரிபார்க்கிற இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன். சும்மா எண்ணிக்கைக்கு இருக்கட்டும் என்றுதான் சேர்த்தார்கள்.

எண்ணிக்கைக்குச் சேர்த்தவன் மூன்றே வாரத்தில் எல்லாரையும் திணற அடித்தான்.

அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவன் ஒருவன்; ஓடிப்போய் அதைப் பிடிக்கிறவன் ரிசீவர். பெயர் பெற்ற ரிசீவர்களை எல்லாரும் முதலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். விபினுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது கால். ஊர் டீமில் பத்து வருஷம் பின்வரிசையில் நின்று எதிராளியை மறித்தவன் அவன். அங்கே நிற்கிறவன் பந்தைப் பார்த்தால் ஏமாந்து போவான், காலைத்தான் பார்க்கவேண்டும். அந்தப் பழக்கத்தில் அமெரிக்காக்காரன் காலையும் பார்த்தான். எந்தப் பெரிய ரிசீவர் திரும்பும்போது ஒரு காலுக்குச் சலுகை கொடுக்கிறான், எவன் விழுந்து எழுந்தபின் இடுப்பில் கை வைத்து நிற்கிறான் என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தான். பிறகு அவனுக்குப் பின்னால் நிற்கிற, யாரும் சீந்தாத மாற்று ஆளைத் தன் டீமில் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பெரியவன் படுத்தால் பந்தெல்லாம் சின்னவனிடம் வரும்.

இதில் விபின் கற்றுக்கொண்ட இன்னொரு சூட்சுமமும் உண்டு. வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டு ஓய்வெடுக்கிறவன் நாலு வாரத்தில் திரும்பி வந்துவிடுவான். அவனுக்குப் பின்னால் நிற்பவனால் பெரிய பிரயோஜனம் இல்லை. வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறவன்தான் ஒருநாள் மொத்தமாக விழுவான். அவனுக்குப் பின்னால் நிற்பவன்தான் தங்கம். அப்படி ஒருவனை அடையாளம் கண்டுவிட்டால் மூச்சுவிடக் கூடாது. சொன்னால் இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

திங்கட்கிழமை காலை, தொழிலாளிகள் தங்கியிருக்கும் அல்கோர் கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் முந்தைய நாள் ஆட்டத்தின் துண்டு வீடியோக்களைப் பார்ப்பான். பக்கத்து ஸீட் பாலகுருவுடையது. சிவகங்கைப் பக்கத்துக்காரர், விபினுடைய ஃபோர்மேன், பதினோரு வருஷமாகக் கத்தாரில் இருக்கிறவர். அவருக்கு இந்த ஆட்டத்தில் ஒரு இழவும் புரியாது. ஆனாலும் எட்டி எட்டிப் பார்ப்பார்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, எண்பத்தொன்று என்று முதுகில் எழுதிய ஒரு பெரிய ரிசீவர் எம்பிப் பந்தைப் பிடித்துக் கீழே வந்தான். வந்த காலில் முட்டி மடங்கிப் பக்கவாட்டில் போயிற்று. மூன்று வாரமாக விபின் எதிர்பார்த்த முட்டி அது.

"ஐயையோ!" என்றார் பாலகுரு. "எந்திரிச்சிட்டானாய்யா?"

விபின் அதற்குள் வீடியோவைத் தள்ளிவிட்டான். அடுத்ததில் எண்பத்தொன்றின் இடத்துக்கு வந்த மாற்று ஆள் ஓடிக்கொண்டிருந்தான். அவன் விபினுடைய ஆள்.

"தெரியல்ல அண்ணே. இஞ்ச பாருங்க, இவன் எப்படி ஓடுகான்னு."

"அந்தப் பய எந்திரிச்சானான்னு கேட்டா..." என்று முனகிக்கொண்டு பாலகுரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் நின்றது. பாலகுரு முன்னால் இறங்கினார். படியில் இடது காலை முதலில் வைத்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இறங்கினார். கீழே நின்றதும் இடுப்பில் கை வைத்தார்.

விபின் பார்த்துவிட்டான். ஒருமுறை கண்ணில் பட்டபின் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏணியில் ஏறும்போது பார்த்தான், உட்கார்ந்து எழும்போது பார்த்தான். இடது முட்டி. மனுஷன் வலியை விழுங்கிக்கொண்டு நடக்கிறார், யாருக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். சொல்லவென்றே அங்கே தினமும் ஒரு நேரம் இருக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். ஆளுக்கொரு ஜோடி. ஜோடி ஆளின் பெல்ட், ஷூ, முகம் எல்லாம் பார்த்து, இவன் இன்று மேலே ஏறலாம் என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டவேண்டும். ஃபோர்மேனும் இதற்கு விலக்கில்லை. பாலகுருவின் ஜோடி விபின். சொன்னால் வேலை போய்விடும் என்பதும் இல்லை. போன வருஷம் சேதுமாதவன் முதுகு வலி என்று சொன்னான். மூன்று மாதம் ஸ்டோரில் உட்காரவைத்து வைத்தியம் பார்த்தார்கள், இப்போது அவன் பாட்டுக்கு ஏறி இறங்குகிறான்.

அதுதான் சங்கடம். சொன்னால் பாலகுரு மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவார்.

பாலகுருவுக்கு அடுத்து விபின்தான் ஃபோர்மேன் என்பது கேம்ப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஃபோர்மேன் ஆனால் ஃபேமிலி ஸ்டேட்டஸ் கிடைக்கும். ஷாஜினியையும் குழந்தை ஜினியையும் கூட்டிக்கொண்டு வரலாம். மூன்று வயது ஜினிக்கு அப்பா என்றால் போன். போன லீவில் ஊருக்குப் போனபோது அவனைக் கண்டு பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "அப்பா போன்ல இருக்கு" என்று அழுதாள். அந்த அழுகை அவன் காதைவிட்டுப் போகவே இல்லை.

இதையெல்லாம் அவன் உட்கார்ந்து கணக்குப் போட்டான் என்று சொன்னால் அநியாயம். கணக்குப் போடவில்லை என்று சொன்னால் அது அதைவிட அநியாயம். காலையில் வட்டத்தில் நிற்பான். பாலகுருவின் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான். முட்டிப் பக்கம் பார்வை போகும், திரும்பிவிடும். கட்டை விரலைத் தூக்குவான். நான் யாரையும் தள்ளிவிடவில்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். அந்தச் சமாதானம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கும்.

நவம்பரில் ஒருநாள், குழாய்கள் ஓடுகிற உயரமான இரும்புத் தட்டில் ஒரு மீட்டர் தப்பாகக் காட்டியது. பாலகுரு தானே பார்த்துவிட்டு வருவதாக ஏறினார். இறங்கும்போது இரண்டாவது தளத்துப் படியில் இடது முட்டி விட்டுவிட்டது. கீழே நின்றிருந்த விபின், அவர் கை கம்பியிலிருந்து வழுக்குவதைக் கண்ணால் பார்த்தான். படிப்படியாக மோதிக்கொண்டு வந்து விழுந்தார். ஹெல்மெட் தனியே உருண்டது. எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

விபினும் ஓடினான். ஆனால் ஓடுமுன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் மனசு வேறொன்றைச் சொல்லிவிட்டது. வந்துவிட்டது என்றது. எண்பத்தொன்று விழுந்தபோது பஸ்ஸில் சொன்ன அதே குரல், அதே சந்தோஷம். தனக்குள் இப்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறானா? பாலகுருவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று கதறியபோது அவன் கண்ணீர் பொய்யில்லை. அந்த ஒரு கணமும் பொய்யில்லை.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி ஏணி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுவாரமே விபினை ஃபோர்மேன் இடத்தில் நிற்கவைத்தார் டென்னிஸ். போகிற போக்கில், "லீக்கிலும் நீதான் முதலிடம், எப்படித்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறாயோ!" என்று தோளில் தட்டினார். விபினுக்கு அந்தத் தோளை அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அல்கோர் ஆஸ்பத்திரிக்குப் போனான். பாலகுரு மெலிந்து போயிருந்தார். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாய்யா ஃபோர்மேன்! டென்னிஸ்கிட்ட ஓம் பேரத்தான் நான் சொன்னேன், தெரியுமா? வேற யாரு இருக்கா?"

விபின் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றார் பாலகுரு. குரல் இறங்கிவிட்டது. "எங்காலு சரியில்லேன்னு ஒனக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும்யா. அன்னைக்கு பஸ்ஸுல எறங்கறப்ப பாத்த பாரு, அப்பயே எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நாளைக்கு வட்டத்துல சொல்லிருவான், என்னைய ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு ராத்திரி பூராம் தூங்கல. மறுநா நீ வெரலத் தூக்கின. எனக்கு அழுகையே வந்துருச்சு. கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்யா."

"அண்ணே..."

"எம் பொஞ்சாதி ஜோதிமணிகிட்டயும் சொல்லிட்டேன். பெரிய மக கல்யாணம் தையில வச்சிருக்கு. அது வரைக்குமாச்சும் ஓட்டிரலாம்னுதான் பாத்தேன். விபினு காட்டிக் குடுக்காம இருந்தானேன்னு அவ நித்தம் ஓம் பேரச் சொல்லி வெளக்கு வைக்கிறா."

திட்டியிருந்தால் விபின் தாங்கியிருப்பான், இதைத் தாங்க முடியவில்லை. இந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே வெட்கமாக இருந்தது.

பாலகுரு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "அது கெடக்கட்டும். அன்னைக்கு ஓம் போன்ல ஒருத்தன் விழுந்தானே, எண்பத்தொண்ணு. அந்தப் பய எந்திரிச்சானாய்யா?" என்று கேட்டார்.

முந்தாநாள்தான் விபின் முதன்முறையாக அதைத் தேடிப் பார்த்திருந்தான்.

"ஆபரேஷன் ஆச்சு அண்ணே. இனி ஆடுவானான்னு தெரியாதாம்."

"பாவம்யா" என்றார் பாலகுரு.

அந்த ஒரு சொல்லில் விபின் உடைந்துவிட்டான்.

"அவன் விழுவான்னு எனக்குத் தெரியும் அண்ணே. அதுக்காண்டிதான் அவனுக்க பொறத்த நிண்ணவன எடுத்தேன். நீங்களும் விழுவீங்கன்னு தெரியும். நான் உங்களுக்காக வாயப் பொத்தல்ல அண்ணே. சொன்னா சேதுமாதவன் மாதிரி மருந்து பாத்து திரும்பி வந்துருவீங்க, எனக்கு இந்த எடம் கிட்டாதுன்னுதான் மிண்டாம இருந்தேன். ஷாஜினியையும் பிள்ளையையும் கொண்டுவரணும்னு... நான் பாவி அண்ணே. அந்த விளக்கு எனக்கு வேண்டாம்."

பாலகுருவின் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. அவனையே பார்த்தார்; பிறகு கட்டியிருந்த தன் காலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். விபின் தலையைக் குனிந்துகொண்டு அடி விழுமென்று காத்திருந்தான். அடி விழுந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"சேதுமாதவன் திரும்பி ஏறுறானில்ல?" என்று கடைசியில் கேட்டார். அதை யோசித்தே பார்க்காதவர் மாதிரி கேட்டார்.

"ஏறுகான் அண்ணே."

"ம்" என்றார்.

தலையணைப் பக்கத்தில் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் ஜோதிமணியின் பெயர், வீடியோ கால். பாலகுரு அதைக் கையில் எடுத்தார், ஆனால் பொத்தானைத் தொடவில்லை.

"அவகிட்ட இத சொல்லிறாத" என்றார், விபினைப் பார்க்காமல். "இந்தப் பாலைவனத்துல எம் புருஷனுக்கு ஒரு ஆளு இருந்தான்னு நெனச்சுத்தான் அவ மனசத் தேத்திக்கிட்டு இருக்கா. அதையும் புடுங்கிறாத."

"அண்ணே, என்னால முடியாது..."

"முடியணும்."

அடிக்கிற போனை அவன் கையில் திணித்துவிட்டு, பாலகுரு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விபின் பச்சைப் பொத்தானைத் தொட்டான். பூஜை மாடத்துக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பெண், அவன் முகத்தைக் கண்டதும் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"தம்பி, நீங்களா! நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றாள்.

"நல்லா இருக்கேன் அக்கா" என்றான் விபின்.