பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் வண்டி

டுவேன் லிண்டால் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் அவரை அந்தப் பதவியிலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை. விருந்தில் வெண்ணெயைத் தள்ளச் சொல்வதுகூடக் காலை அறிவிப்பு மாதிரிதான் வரும். நான் அவருக்கு எதிர்வீடு. முப்பது வருடம் இந்த ஊரில் தபால் போட்டவன் என்பதால், அறிவிப்புகளைப் படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் பாஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. அவரிடமிருந்த மடக்குக் கூடார வண்டியை டுவேனும் அவர் மனைவி மார்லிஸும் வாங்கினார்கள். மூடியிருக்கும்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் மெத்தைகள் மேசை இழுப்பறை போல வெளியே வரும், கான்வாஸ் விரியும். பாஸ்டர் ஐந்து நிமிடத்தில் விரிப்பார். டுவேன் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, அந்த நேரம் முழுக்க பாஸ்டர் செய்த தவறுகளை விளக்குவார்.

இனி அதை எந்த வண்டியில் கட்டி இழுப்பது என்ற கேள்வி எழுந்தது. மார்லிஸைப் பொறுத்தவரை அது எழவே இல்லை.

"என் வேன் இருக்குல்ல. பாஸ்டரும் ஒரு வேன்லதானே இழுத்தாரு?"

"பாஸ்டருக்கு மேலேருந்து ஒத்தாசை வரும், மார்லிஸ். நமக்குக் கணக்குதான் தொணை."

கணக்கு குளிர்காலம் முழுக்க நடந்தது. கணினியில் ஓர் அட்டவணை, நாற்பத்திரண்டு பத்திகள். இழுவைத்திறன், குதிரைசக்தி, திருப்புவிசை, தோல் இருக்கையா துணி இருக்கையா, காப்பிக் கோப்பை வைக்கும் குழிகள் எத்தனை. பதினேழு பிக்கப் வண்டிகள் அதில் வரிசையாக நின்றன. ஏப்ரலில் பனி உருகுவதற்குள் வெற்றி பெற்ற வண்டியும் தெரிந்துவிட்டது: பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் கறுப்புப் பிக்கப். இழுக்க வேண்டிய கூடார வண்டி ஆயிரத்து அறுநூறு பவுண்டு.

ஒரே ஒரு சிக்கல். அதை வாங்க வேண்டுமென்றால் மார்லிஸின் வேனை மாற்றாகக் கொடுக்க வேண்டும்.

அந்த வேன் ஒன்பது வயதான அரக்குச் சிவப்பு. மார்லிஸ் ஊர் வாத்தியக் குழுவில் டியூபா வாசிக்கிறாள். டியூபா என்பது ஊதுகுழல்களில் எருமை. பெட்டியோடு சேர்த்தால் சினை எருமை. வேனின் கடைசி இருக்கையை மடித்தால் அது காலை நீட்டிப் படுக்கும். வேறு எந்த வண்டியிலும் படுக்காது என்பது அவள் அளந்து பார்த்துக் கண்டது.

"பிக்கப் பின்னாடி தொட்டியில வெச்சுக்கோ," என்றார் டுவேன்.

"மழை பெஞ்சா?"

"மூடி போட்டுக்கலாம்."

"டியூபாவுக்கா, தொட்டிக்கா, உன் வாய்க்கா?"

வெள்ளிக்கிழமை மாலை படைவீரர் மன்றத்தில் இறைச்சிக் குலுக்கல் நடக்கும். ஒரு டாலருக்குச் சீட்டு வாங்கி, பன்றி விலாவோ கோழியோ விழுமா என்று காத்திருக்கும் நேரத்தில் எங்கள் ஊர் ஆண்கள் உலகத்துக்குத் தேவையான எல்லா முடிவுகளையும் எடுத்துவிடுவார்கள். டுவேன் அங்கே அட்டவணையை அச்சிட்டுக் கொண்டுவந்தார்.

"ஆயிரத்து அறுநூறுங்கிறது வெறும் வண்டி," என்றான் எல்டன். அவனிடம் இருப்பது டீசல் பிக்கப். "சாமான் ஏத்தினா? எதிர்க்காத்து அடிச்சா? மலை ஏறினா?"

எங்கள் மாவட்டத்தில் மலை என்று சொல்லத்தக்கது நகராட்சிக் குப்பைமேடு ஒன்றுதான். ஆனாலும் எல்லோரும் தலையை ஆட்டினோம். அவரவர் தம்மிடம் எது இருக்கிறதோ அதையே வாங்கச் சொன்னார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"பெருசா வாங்கிட்டா பின்னால வருத்தப்பட வேண்டியதில்லப்பா," என்றேன். என் பிக்கப் பதினொரு வருடத்தில் சுமந்தவை: உப்பு மூட்டைகள், ஆண்டுக்கொரு கிறிஸ்துமஸ் மரம், ஒருமுறை என் மச்சினனின் சோபா. அந்தச் சோபாவும் பாதி வழியில் விழுந்துவிட்டது.

ஜூன் மாதம் வண்டிக்கடைக்காரர் டுவேனிடம் சாவியைக் கொடுத்து, "வார இறுதி முழுக்க ஓட்டிப் பாருங்க. திங்கக்கிழமை காலைல வேனைக் கொண்டாந்து விட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றார். ஏரிக்கரைப் பூங்காவில் அந்த வார இறுதிக்கு நாங்கள் முன்பே இடம் பிடித்திருந்தோம். சனிக்கிழமை அங்கே மார்லிஸின் குழு வாசிக்கிறது. அவள் டியூபாவோடு வேனில் வர வேண்டும். டுவேன் பிக்கப்பில் கூடார வண்டியை இழுத்து வருவார். நான் என் சின்னக் கூடாரத்தோடு அவர் பக்கத்தில்.

மார்லிஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "கூடார வண்டி நேரா போய் நேரா வந்து சேர்ந்துச்சுன்னா வேனை எடுத்துக்கோ. ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"எமெட், நீ சாட்சி," என்றார் டுவேன் என்னிடம்.

வெள்ளிக்கிழமை மதியம் பிக்கப் வந்து நின்றது. முன்பு வைத்திருந்த யாரோ அதை ஆறு அங்குலம் தூக்கிக் கட்டி, டிராக்டருக்குப் போட வேண்டிய சக்கரங்களைப் போட்டிருந்தார். டுவேன் ஐந்தடி ஆறு அங்குலம். ஏறுவதற்கு ஒரு படியும், படியில் ஏற ஒரு சிறு குதிப்பும் தேவைப்பட்டன. உள்ளே உட்கார்ந்ததும் மீண்டும் பெரிய மனிதராகிவிட்டார்.

இழுக்கும் வண்டியின் பின்னால் உருண்டையாக ஓர் இரும்புக் குமிழ் இருக்கும். இழுபடும் வண்டியின் மூக்கு அதன் மேல் தொப்பி போலக் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். கூடார வண்டியின் மூக்கு என் முழங்கால் உயரம். பிக்கப்பின் குமிழ் என் பெல்ட் உயரம். டுவேன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்கின் அடியிலிருந்த தூக்கியைச் சுற்றினார். அது முடியும்வரை சுற்றினார். அதன் அடியில் விறகுக் கட்டைகளை அடுக்கி மறுபடி சுற்றினார். நாலரை மணிக்கு 'டக்' என்று பூட்டு விழுந்தது.

கூடார வண்டி இப்போது பிஸ்கட்டுக்கு முன்னங்காலைத் தூக்கி நிற்கும் நாய் மாதிரி நின்றது. மூக்கு வானத்தில், பின்பக்கம் தரையிலிருந்து நாலு விரல்.

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு மனிதனின் வீட்டு வாசலில் நின்று அவனிடம் தவறைச் சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவன் தெருமுனை திரும்பிய பிறகு சொல்லலாம்.

"நல்லா நிமிர்ந்து நிக்குது," என்றார் ஒருவர்.

"இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல," என்றார் இன்னொருவர்.

"நன்றி," என்றார் டுவேன்.

மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு வேன் மேல் சாய்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மேகத்தைப் பார்த்தாள்.

வாசல் சரிவிலிருந்து தெருவில் இறங்கும்போதே கூடார வண்டியின் பின்பக்கம் தாரில் உரசிப் பொறி பறந்தது. "புது வண்டின்னா அப்படித்தான்," என்றார் டுவேன். உரசியது பன்னிரண்டு வருடப் பழசு.

நெடுஞ்சாலையில் நாற்பத்தைந்து மைல் வேகம் தொட்டபோது கண்ணாடியில் எனக்கு ஒன்று தெரிந்தது. கூடார வண்டி இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு வலப்பக்கம். மீண்டும் இடப்பக்கம், கொஞ்சம் கூடுதல் ஆர்வத்தோடு.

"டுவேன், பின்னாடி கொஞ்சம் ஆடுது."

"காத்து."

இரு புறமும் சோளப்பயிர் ஓர் இலை அசையாமல் நின்றது.

"இவ்வளவு பெரிய வண்டிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, எமெட்." அவர் கைகள் மட்டும் வெள்ளைவெளேர் என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. வேகம் முப்பத்தைந்துக்கு வந்தது, பிறகு இருபத்தைந்துக்கு. எங்கள் பின்னால் பதினைந்து கார்கள் சவ ஊர்வலம் போல வந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எதிரே வந்த உழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஊர்வலத்தின் முதல் வண்டி, நான்கு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு, மார்லிஸின் சிவப்பு வேன்.

கூட்டுறவுத் தானியக் கிடங்கு வந்ததும் டுவேன் உள்ளே திருப்பினார். "எடை போட்டுப் பார்த்துடலாம். கணக்கு சுத்தமா இருக்கணும்."

எடைமேடை வில்மர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கூடார வண்டிய மட்டும் நிறுக்கணும்," என்றார் டுவேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

மூக்கு கீழே இறங்கவில்லை. குமிழை விட்டு மெல்ல மேலே எழுந்தது. கொடியேற்றத்துக்கு நிற்பது போல விறைத்து நின்றது. பின்பக்கம் 'தொம்' என்று எடைமேடையில் உட்கார்ந்தது. உள்ளே ஏதோ உருண்டு, இன்னொன்றில் மோதி, உடைந்தது. சற்று நேரத்தில் கதவிடுக்கிலிருந்து காளான் சூப்பு வாசனை வந்தது. மார்லிஸ் காளான் சூப்பு ஊற்றிச் செய்துவைத்த உருளைக்கிழங்குக் கறி, பாத்திரத்தோடு.

"ரெண்டாயிரத்து அம்பது," என்றார் வில்மர் மேலிருந்து. பிறகு இறங்கி வந்து, பாக்கெட்டில் கைவிட்டு நின்றார். "சாமானையெல்லாம் பின்னாடி வெச்சிருக்கீங்களோ?"

"கதவு அங்கதானே இருக்கு. எடுக்கச் சுலபம்," என்றார் டுவேன். கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி, தண்ணீர்க் கேன்கள், விறகு, எல்லாம் அங்கேதான். மிச்சம் மீதி முன்னால் இருந்ததும் சரிவில் நழுவி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"ஹூம். இந்தப் பக்கத்துல சிலபேரு கொஞ்சம் முன்கனமா வெப்பாங்க. மூக்கு அமுங்கி இருந்தா ஆடாதுன்னு ஒரு பேச்சு. அவங்கவங்க விருப்பம்." வில்மர் குமிழைப் பார்த்தார். "இவ்வளவு உயரத்துக்குக் கீழ எறக்குற தண்டுகூட ஒண்ணு விக்கிறாங்கன்னு கேள்வி."

"குமிழ் உயரம்..." என்று டுவேன் அட்டவணையை எடுத்தார். நாற்பத்திரண்டு பத்திகளையும் விரல் வைத்துத் தேடினார். கோப்பைக் குழிகள் ஒன்பது என்று இருந்தது. குமிழ் உயரம் இல்லை.

மார்லிஸ் வேனின் பின்கதவைத் திறந்தாள். டியூபா பெட்டியின் பக்கவாட்டுப் பையிலிருந்து, கம்பளிக் காலுறையில் சுற்றிய எதையோ எடுத்தாள். குமிழ் வைத்த இரும்புத் தண்டு. வேனின் பின்பக்கம் அடியில், சைக்கிள் தாங்கி மாட்டுவதற்காக ஆறு வருடம் முன்பு டுவேனே பொருத்திய சதுரக் குழாய் இருந்தது. அதில் தண்டைச் செருகி, நழுவாமல் குறுக்கே ஓர் இரும்பு முளை போட்டாள்.

"அது எப்போ வாங்கின?"

"செவ்வாக்கிழமை."

"எதுக்கு?"

"சும்மா. பையில எடம் இருந்துச்சு."

"விளக்குக்கு ஒயர் வேணுமே?" டுவேன் குரலில் கடைசி நம்பிக்கை தெரிந்தது.

"அதுவும் செவ்வாக்கிழமைதான். சைலன்சர் கடைக்காரன் முக்கால் மணி நேரத்துல போட்டுக் குடுத்தான். வேன் மூவாயிரத்து ஐந்நூறு இழுக்கும், டுவேன். கையேட்டுல நூத்திப் பதினேழாம் பக்கம். உன் அட்டவணையில என் வேனுக்கு ஒரு வரி போட்டியா?"

டுவேன் அட்டவணையை நாலாக மடித்தார். வில்மர் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு ஒரு புறாவைக் கவனித்தார்.

மூவரும் சாமானை முன்னுக்கு நகர்த்தினோம். தண்ணீரையும் விறகையும் வேனுக்கு மாற்றினோம். அதனால் வேனில் டியூபாவுக்கு இடமில்லை. அது பிக்கப்பின் முன் தோலிருக்கையில், பெட்டியோடு, சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு, டுவேனைவிட அரைத்தலை உயரமாக உட்கார்ந்தது. நான் வேனில் ஏறிக்கொண்டேன்.

கூடார வண்டியின் மூக்கு வேனின் குமிழில் உட்கார்ந்ததும் வண்டி சமமாக நின்றது. ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் மார்லிஸ் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் எனக்குச் சூரியகாந்தி விதை கொடுத்தாள். பின்னால் பதினோராயிரம் பவுண்டு இழுக்கவல்ல வண்டி ஒரு டியூபாவைக் கொண்டுவந்தது.

ஏரிக்கரையில் டுவேன் கைப்பிடியைச் சுற்றினார். கூரை எழுந்தது, மெத்தைகள் வெளியே வந்தன. பாஸ்டர் பெயர் ஒருமுறைகூட அடிபடவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. உருளைக்கிழங்குக் கறி போனதால் சாசேஜ் சுட்டுத் தின்றோம். கொசுக்கள் எங்களைத் தின்றன. சனிக்கிழமை மாலை குழு வாசித்தபோது, டியூபாவின் அடிக்குரல் நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைகளில் அதிர்ந்தது. டுவேன் முதல் வரிசையில் உட்கார்ந்து தவறான இடங்களில் தாளம் போட்டார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பதால் இருக்கலாம்.

ஞாயிறு காலை மார்லிஸ் அடுப்பில் அப்பம் புரட்டிக்கொண்டிருந்தாள். டுவேன் காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"திங்கக்கிழமை வேனைக் கழுவணும்."

அவள் கை நின்றது. "கடைக்குக் கொண்டுபோகவா?"

"வீட்டுல நிறுத்தத்தான். ஒரே தூசி."

"கழுவு," என்றாள் மார்லிஸ். அவர் தட்டில் மூன்றாவது அப்பத்தை வைத்தாள். கேட்காமல் வைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை குலுக்கலுக்கு டுவேன் புது அட்டவணையோடு வந்தார். நாற்பத்து நான்கு பத்திகள், பதினெட்டு வண்டிகள். முதலிடத்தில் அரக்குச் சிவப்பு வேன்.

"இழுவைத்திறனைப் பார்த்து ஏமாறுறது ஆரம்பப் பள்ளிப் பசங்க செய்யிற தப்பு," என்று அறிவித்தார். "குமிழ் உயரம்! முன்கனம்! இந்த ரெண்டையும் பார்க்காம வண்டி வாங்குறவன இந்த ஊர்ல யாரும் திருத்த முடியாது. கள ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சேன்."

"அருமையான ஆராய்ச்சி," என்றான் எல்டன்.

சாட்சி நான்தான். வறுத்த பன்றி இறைச்சியை மென்றுகொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் எல்டன் சிகரெட் பிடிக்க வெளியே போனான். அவன் சிகரெட்டை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. பின்னாலேயே இன்னும் இருவர் போனார்கள். நானும் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் எங்கள் ஊரின் பெரிய பிக்கப்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆண் சாவி தொலைந்ததுபோல் குந்தி உட்கார்ந்திருந்தான், கையில் அளவு டேப்பு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் குமிழின் உயரம் இருபத்தெட்டு அங்குலம். நல்லவேளை, என்னிடம் இழுக்க எதுவும் இல்லை.

டுவேனை அழைத்துப்போக மார்லிஸ் வேனில் வந்தாள். கழுவிய வேன் பளபளத்தது. வரிசையாகக் குந்தியிருந்த எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியை இறக்கினாள்.

"எல்லாருக்கும் சாவி கெடைச்சுதா?" என்றாள்.