கடைசி ஒப்பீடு

இரண்டாவதுதான். அதில் சந்தேகமே இல்லை. முதலாவதில், வரியைத் தொடங்குமுன் அந்தப் பாடகி இழுக்கிற மூச்சை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். மூன்றாவதில் மூச்சு இருந்தது, அவள் நின்று பாடிய அறை இல்லை. இரண்டாவதில் மூச்சும் இருந்தது, அறையும் இருந்தது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, உன்னைத்தான் கேக்குறேன். இதுவா, இதுவா?"

"ரெண்டாவது," என்றாள் அவள்.

மகள் வெள்ளைச் சட்டையைத் திரும்ப அலமாரியில் மாட்டிவிட்டு, கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். எதற்குப் பதில் சொன்னோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சட்டை அவருக்குக் கழுத்தில் பிடிக்கும். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். இனிமேல் பிடித்தால் என்ன என்று தோன்றியது. விட்டுவிட்டாள்.

அவள் கணவர் போனது நேற்றுப் பகல் பதினொன்றரைக்கு, உட்கார்ந்த நாற்காலியிலேயே. வெளியூரிலிருந்து மகளும் மருமகனும் இன்று காலை வந்து சேர்ந்தார்கள். அவரைக் கொண்டுபோக வண்டி நாலு மணிக்கு. அதற்குள் வர வேண்டியவர்கள் வந்து, வாடகை நாற்காலிகளில் அமர்ந்து, இப்படிப்பட்ட வீடுகளில் பேசுவதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் விழாமல் போன கொடுத்துவைத்தவர் என்றும், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம் என்றும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார்.

சொந்தத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஒரு மாத இதழில் ஒலிக்கருவிகளைப் பற்றி எழுதிவந்தார். யார் வீட்டில் ஸ்பீக்கர் வாங்குவதென்றாலும் அவரைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். கேட்டு, அவர் சொன்னதன் விலையை விசாரித்து, வேறொன்றை வாங்கிக்கொள்வார்கள்.

இந்த முறை அவர் எடுத்துக்கொண்டது பெரிய வேலை. உயர்தர ஒலியில் பாட்டுத் தருகிறோம் என்று மாதச் சந்தா வாங்குகிற மூன்று இணையச் சேவைகளில் எது நிஜமாகவே நன்றாக ஒலிக்கிறது, எதில் பாட்டு அதிகம் என்று கண்டு சொல்வது. மூன்று மாதமாக அதே நினைப்பு. இருபது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் மூன்றிலும் இருக்கிறதா, இருந்தால் அசல் நாடாவிலிருந்து எடுத்ததா, பின்னாளில் மெருகேற்றியதா என்று தேடித்தேடிக் குறித்தார். கோடிக்கணக்கில் பாட்டு வைத்திருக்கிறேன் என்கிறான், நான் கேட்பது மட்டும் அவனிடம் இருக்காது என்று சாப்பாட்டின் நடுவே புலம்புவார்.

முன்னறையில் அவருடைய அக்காவின் குரல் உயர்ந்தது. காதுக்காரனை இப்படிச் சத்தமில்லாத வீட்டிலிருந்தா அனுப்புவது என்று கேட்டார். மருமகன் எழுந்து போனை எடுத்து, தேநீர்க் கோப்பை அளவிலான ஒரு ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தார். மாமாவுக்குப் பிடித்த பாட்டைத் தேடினார். பாட்டின் பெயர் திரையில் வந்தது, ஆனால் மங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில். அழுத்தினால் ஓடவில்லை. இந்தச் சேவையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார்.

"பேரு இருக்கு, பாட்டு இல்லையா? இதுக்கு மாசாமாசம் அழறீங்களா?" என்றார் அக்கா.

மருமகன் வேறொன்றைப் போட்டார். குழாயில் தண்ணீர் நின்றுபோகும்போது வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது. பத்து நொடிகூட ஆகியிருக்காது.

"நிறுத்துப்பா. இதக் கேட்டா என் தம்பி எந்திரிச்சு உக்காந்துருவான்."

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழத் தொடங்கினார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மகள் திரும்பிப் பார்ப்பது தெரிந்ததும் எழுந்து பின்னறைக்குப் போனாள்.

அது அவர்கள் பாட்டுக் கேட்கும் அறை. கனமான திரைகள், இரண்டு ஸ்பீக்கர்கள், கருவிகளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு நாற்காலி. நாற்காலி அவளுடையது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சலில்தான் அது தெரிந்தது. அவர் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அது கீச்சிட்டு முடிந்தது சமையலறையிலிருந்த அவளுக்குக் கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால், இன்னும் கையை இடுக்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். இது வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்றார். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாள் அவள். மறுநாள் அவரே புது பேட்டரி வாங்கிவந்து போட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, "சும்மா ஒரு சந்தேகத்துக்கு, கொஞ்சம் வந்து உக்காரேன்," என்றார்.

உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக உட்கார்ந்தாள். எது ஓடுகிறது என்று அவர் சொல்லமாட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண் மட்டும்தான். சத்தம் ஒரு துளி கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும் என்பார். அதனால் சத்தத்தை அளக்கிற மீட்டரை அவள் காதருகே பிடித்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார். தரத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் சின்ன விளக்கு ஒன்று பாட்டை ஓட்டுகிற பெட்டியில் உண்டு. அவள் தற்செயலாகத் திரும்பினாலும் கண்ணில் படக்கூடாதென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அவள் கேட்டதைச் சொல்வாள். அவர் எழுதிக்கொள்வார். நிறுத்தினால், "ம், வேற?" என்பார்.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அதுவரை அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும்தான். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது, யார் வந்தார்கள், யார் போனார்கள், இதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, தனக்குள் வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கவே அவளுக்கு மறந்திருந்தது. வேற என்று அவர் கேட்கக் கேட்க இருந்துகொண்டே இருந்தது.

நேற்று மிஞ்சியிருந்தது ஒரே பாட்டு. மூன்று முறை கேட்டு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "சொல்லு," என்றார். அந்த நேரம் வாசல் மணி அடித்தது. வந்து சொல்கிறேன் என்று எழுந்து போனாள். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல். அவர்கள் இல்லையாம், வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்றார் கொண்டுவந்தவர். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தார்.

கேட்கிறார் என்று நினைத்தாள். அவராக அதை மாட்டிப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. பாட்டு முடியட்டும் என்று கதவோரம் நின்றாள். முழுப் பாட்டுக்கும் நின்றாள்.

முன்பே போயிருப்பார், உடனே தொட்டுப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கதவருகே செருமல் சத்தம். இதழின் ஆசிரியர். அவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர், காலையிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். உட்கார இடம் தேடினார். அவள் தன் நாற்காலியைக் காட்டவில்லை. அவர் நின்றுகொண்டே பேசினார்.

பேச வேண்டிய நேரம் இது இல்லைதான் என்றார். கட்டுரை பத்தொன்பது பாட்டு வரை வந்துவிட்டது, கடைசிப் பாட்டும் மூன்றில் எது என்ற முடிவும்தான் பாக்கி. வாசகர்கள் இரண்டு மாதமாகக் கடிதம் போட்டுக் கேட்கிறார்கள். அவர் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா?

"எழுதலைங்க."

"தெரியும். அவர் எழுதியிருக்க முடியாது." ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "ஆறு வருஷமா எழுத்துதான் அவரோடது. காது உங்களோடது. சரிதானே?"

அவள் திரையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தப்பாச் சொல்ல வரலம்மா. முன்னாடியெல்லாம் உச்ச ஒலி தெளிவு, அடி ஒலி ஆழம், இப்படித்தான் எழுதுவார். ஒரு மாசம், டிரம்ஸ் வாசிக்கிறவர் வீட்டுக்குப் போற அவசரத்துல இருக்கார்னு ஒரு வரி வந்துச்சு. அவர் வாழ்க்கையில அப்படி ஒரு வார்த்தை பேசினவரில்ல. அப்படிப் பேசுறது நீங்க."

அந்த வரி அவளுக்கு நினைவிருந்தது. இதழ் வந்த அன்று அடுப்பு மேடைமேல் வைத்து மூன்று முறை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, தன் புடைவையை வேறொருத்தி உடுத்திக்கொண்டு எதிரே நடந்து போவதைப் பார்ப்பது போலவும் இருந்தது. அவர் படித்துவிட்டு விரித்து வைத்திருந்த அதே பக்கத்தில் அதைத் திரும்ப வைத்தாள்.

ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார். இந்த முடிவை மட்டும் சொன்னால் போதும், அவர் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் போடுவார். அடுத்த மாதத்திலிருந்து அவள் பெயரிலேயே பகுதி வரட்டும். எழுத வராது என்றால் வாயால் சொல்லட்டும், எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது. இந்த மாதிரிக் காது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காது. அது சமையலறையில் கிடந்து வீணாக வேண்டாம். ஆசிரியர் நல்ல மனிதர். சொன்னதெல்லாம் மனமாரச் சொன்னார்.

வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் அச்சானதில்லை. அது எப்படியிருக்கும் என்று ஒரு கணம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது என்ற சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது. நேற்றுக் காலையிலிருந்து அங்கேயே இருக்கிறது. இப்போது அதை இவரிடம் சொன்னால், தெர்மாமீட்டர் கீச்சிட்ட அன்றிலிருந்து அவரிடமே சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னதாகும். அவரே கேட்டிருந்தால்கூட அதைச் சொல்லியிருப்பாளா என்று யோசித்தாள். சொல்லியிருக்கமாட்டாள்.

முன்னறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆசிரியர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கையில் வைத்திருந்தார். திறக்கவில்லை.

"எதும்மா? ஒண்ணா, ரெண்டா, மூணா?"

"மூணும் எனக்கு ஒண்ணாத்தாங்க கேட்டுச்சு," என்றாள்.

ஆசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அவ்வளவெல்லாம் காது கிடையாதுங்க. நான் சும்மா துணைக்கு உக்காருவேன். பிரிச்சுச் சொல்றதெல்லாம் அவர்தான். அப்படியே போட்டுடுங்க, முடியறதுக்குள்ள போயிட்டார்னு."

குரல் இயல்பாக இருந்தது. அவள் தோளில் புடைவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க, வண்டி வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

ஆசிரியர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. திரையை விலக்கி ஜன்னல் வழியே பார்த்தார். தெரு, முனை வரை காலியாகக் கிடந்தது. அவர் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்து, தெருமுனையில் வெள்ளை வண்டி மெதுவாகத் திரும்பியது.