ஹுஸ்னாவின் இருபதாவது எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் அசடு வழிந்ததில் பிறந்தது. ஹட் பேயில் கணவன் சுஹைலோடு ஜெராக்ஸ் கடை நடத்தும் ஹுஸ்னா, கடைக் கம்ப்யூட்டரில் பகா எண் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, கடல் தாண்டி வேறொரு தீவில், ஷாதிபூரில் உட்கார்ந்தபடி இப்படித் தொடங்கினேன்:

'மூன்றில் முடியும் அந்தப் பிரம்மாண்டமான பகா எண்ணை ஹுஸ்னா…'

போனில் படித்துக் காட்டினேன். சிரித்தாள், அப்படிச் சிரித்தாள்.

"அரே அக்கா! ரெண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, ஒண்ணைக் கழிச்சா வர்ற எண்ணுலதான் நான் தேடுறேன். ஆரம்பத்துல வர்ற மூணை விட்டா, அதுல பகா எண் எல்லாம் ஒண்ணுலயோ ஏழுலயோதான் முடியும். மூணுல முடிஞ்சா நான் மெஷினே போட வேணாமே!"

(அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். மானம் போனது போனதுதான்.)

2

2024இல் இப்படி ஒன்று கிடைத்தது. நான் இதை எழுதும் நாள்வரை, அறிந்த பகா எண்களில் அதுதான் பெரியது. நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள். நொடிக்கு ஒன்றாக, சோறு தூக்கமில்லாமல் எழுதினால் பதினைந்து மாதத்துக்கு மேலாகும். அத்தனை பெரிய எண்ணை ஒன்றையும் அதையும் தவிர எதுவும் வகுக்காது. அம்மாடி! இதை எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

3

ஹுஸ்னா சோதித்த பத்தொன்பதும் பகா எண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நாள். இப்போது ஓடுவது இருபதாவது. "இருபதோட சரி, அப்புறம் மெஷின் கடைக்கு மட்டும்தான்" என்று சுஹைல் சொல்லிவிட்டார். அவள் பயந்துபோயிருக்கிறாள். எனக்கும் பயம்தான். கதைக்கு இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அது பகா எண். கடை வாசலில் கூட்டம், இனிப்பு, சுஹைலின் கண்ணில்…

(படித்துக் காட்டியதும் ஹுஸ்னா: "பொய்யா ஒண்ணைக் கொடுத்துறாதீங்கக்கா. அல்லா கொடுத்தா வாங்கிக்கிறேன். நீங்க கொடுத்தா வேணாம்.")

முடிவு ஆ: அது பகா எண் இல்லை. சுஹைல் எழுந்து வந்து… (எழுதக் கை வரவில்லை.)

இந்தக் கதையில் நான் யாருக்கு வேண்டுமானாலும் கல்யாணம் செய்துவைக்கலாம், யாரை வேண்டுமானாலும் சாகடிக்கலாம். அந்த எண்ணை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தீவுகளில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்பே அது பகா எண்ணாக இருந்தது, அல்லது இல்லை. நினைக்க நினைக்கக் கைகூப்பத் தோன்றுகிறது.

4

கப்பல் நாளில் கடையில் டிக்கெட் ஃபாரம் நகல் எடுக்கக் கூட்டம் நெரியும். அன்றைக்கெல்லாம் சுஹைல் சோதனையை நிறுத்திவைப்பது வழக்கம். இன்று கப்பல் நாள். இப்போதுதான் ஹுஸ்னா கூப்பிட்டாள்.

"அக்கா, இவுஹ இன்னிக்கு நிறுத்தல. வந்தவுஹளை எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போகச் சொல்லிட்டு, காலையிலேர்ந்து மெஷின் முன்னாடியே உக்காந்திருக்காஹ."

பின்னால் சுஹைலின் குரல்: "முடிஞ்சிருச்சு! வந்து பாரு!"

நாற்காலி நகரும் சத்தம்.

"அக்கா," என்றாள். "சொல்லட்டுமா? இல்ல, நீங்களே எழுதிக்கிறீங்களா?"

பேனாவை மூடி வைத்தேன்.

"சொல்லும்மா," என்றேன்.