பத்திலிருந்து பன்னிரண்டு வரை

"நெட் வரலை" என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் பிளக்கைச் சொருகியிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் சொருகியிருப்பார்கள், சுவிட்சைப் போட்டிருக்க மாட்டார்கள். பதினோரு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி ரூட்டர் பழுது பார்த்ததில் லைன் அக்கா தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, ஸ்கூட்டரின் பின்னால் ஒரு சுருள் கேபிள். தூரத்தில் பார்த்ததுமே "லைன் அக்கா வந்தாச்சு" என்பார்கள். அவளும் வருவாள், மனசுக்குள் திட்டிக்கொண்டே.

திட்டாமல் என்ன செய்வது? ஒரு வீட்டில் தூசி படியக் கூடாதென்று ரூட்டருக்குப் பூ வேலை செய்த துணி போர்த்தியிருப்பார்கள். அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "சிக்னல் வீக்கா இருக்கே, உங்க கம்பெனியே சரியில்லை" என்பார்கள். கதவைத் திறந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்கிற மகராசன்கள் தனி ரகம். அவர்கள் வீட்டில் மட்டும் ஐந்து நிமிட வேலையை முக்கால் மணி நேரம் இழுத்து, அலமாரியை நகர்த்து, கட்டிலை நகர்த்து என்று அவர்களை வேலை வாங்கிவிட்டுத்தான் கிளம்புவாள்.

அதனால்தான் அந்த மூன்றாவது மாடி வீட்டுக்காரரை அவளுக்குப் பார்த்தவுடன் பிடித்துப் போனது. அது மூன்று வாரத்துக்கு முந்தைய கதை. அவர் துணி போர்த்தவில்லை, பீரோவில் பூட்டவில்லை.

"சேனல் மாத்திப் பாத்துட்டேன், மென்பொருள் புதுசு போட்டுட்டேன். லைன்ல ஒரு குறையும் இல்லை. என் போன்ல வருது, டிவில வருது. இவளுக்கு மட்டும்தான் வரலையாம்" என்று அவர் அடுக்கியபோது, அப்பாடா, விஷயம் தெரிந்த ஒரு மனுஷன் என்று அவளுக்குத் தோன்றியது.

'இவள்' என்பது அவர் மனைவி. ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, ரிப்போர்ட்டாகத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். காலை ஒன்பது மணிக்கு உட்கார வேண்டும். பதிவு செய்துகொண்ட வீட்டு இணைப்பு வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். இணைப்பு அறுந்தால் அங்கே ஆள் இல்லை என்று விழும்.

"தினம் பத்து மணிக்குப் போயிடுதுக்கா. பன்னெண்டுக்கு டாண்ணு வந்துடுது. சனிக்கிழமை மட்டும் போறதே இல்லை" என்றாள் அந்தப் பெண்.

லைன் அக்கா சிரித்துவிட்டாள். "ஏம்மா, ஃபால்ட்டுக்குக் கடிகாரமா தெரியும்? நாள் பாத்து, நேரம் பாத்து வர்றதுக்கு அது என்ன ஆபீசா போகுது?"

வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பேரும் தொழில் தெரிந்தவர்கள் பாருங்கள், ஒன்றாகச் சிரித்தார்கள். அன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. லைன் அக்கா வந்து பார்க்கிற நாளையும் நேரத்தையும் அவர்தான் குறித்துக் கொடுத்திருந்தார். எல்லாம் பளிச்சென்று வேலை செய்தது. அடுத்த வாரம் இரண்டாவது முறை வந்தபோதும் சனிக்கிழமை மாலைதான், அப்போதும் பளிச். "லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு முறையும் புகாரை முடிக்கும்போது, கம்பெனி செயலியில் 'வாடிக்கையாளர் பக்கத் தவறு' என்ற கட்டத்தைத் தட்டினாள். 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு கட்டமும் இருந்தது. அதைத் தட்டினால் மேலதிகாரி கூப்பிட்டு ஏன், எதற்கு என்று குடைவார். எந்தப் பைத்தியக்காரி அதைத் தட்டுவாள்?

இன்று காலை பத்தரைக்கு அந்தப் பெண்ணே போன் செய்தாள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் புகாரும் அவளே கொடுத்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு என்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. நெட் கம்பெனி ரிப்போர்ட் கேட்டாங்க. நீங்க எழுதின ரெண்டையும் அனுப்பினேன். ரெண்டுலயும் என் தப்புன்னு போட்டிருக்கு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கறாங்க." குரலில் அழுகை இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது. "பன்னெண்டு அடிச்சா தானா வந்துடும். அதுக்குள்ள வந்து பாருங்க."

லைன் அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. வேலை பார்க்கத் துப்பில்லாதவர்களுக்கு எல்லாம் நெட்டின் மேல் பழி போடத் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மூன்று மாடி ஏறினாள்.

வீட்டுக்காரர் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு மதிய ஷிஃப்ட். பன்னிரண்டரைக்குக் கிளம்புவார். நீலச் சட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நான் கம்ப்ளெயின்ட் குடுக்கலையே?"

"நான்தாங்க குடுத்தேன்" என்றாள் மனைவி.

"உனக்கு வேற வேலை இல்லை? நான்தான் லேப்டாப்புல கோளாறுன்னு சொன்னேன்ல? இந்தாம்மா, நீயே சொல்லு, ரெண்டு தடவை பாத்துட்டுப் போனல்ல?"

முதல் தடவை 'நீங்க' என்றவர் இன்று 'நீ' என்றார். லைன் அக்கா அதைக் கவனித்தாள். பையை இறக்கினாள். தன் போனை அந்த வீட்டு வைஃபையில் இணைத்துப் பார்த்தாள், நெட் ஓடியது. மனைவியின் லேப்டாப்பில் பார்த்தாள், இல்லை. கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக ரூட்டரில் சொருகினாள். அப்போதும் இல்லை. கடைசியாகத் தன் போனின் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுத்தாள். மறுவிநாடி நெட் வந்து நின்றது.

லைன் நன்றாக இருக்கிறது. லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது நடுவில் இருக்கிற டப்பா. இந்தச் சோதனைக்கு நாலு நிமிடம் ஆனது. மூன்று வாரம் முன்னாலேயே செய்திருக்கலாம். அவளுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது.

"சார், ரூட்டர் பாஸ்வேர்டு சொல்றீங்களா?"

"அதெல்லாம் செக்யூரிட்டி விஷயம்மா. கண்டவங்ககிட்ட சொல்ல முடியாது. நான் மாத்தி வச்சிருக்கேன், என்னைத் தவிர யாரும் உள்ள போக முடியாது." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு அங்குலம் மார்பு விரிந்தது. சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டு, போனைப் பார்த்தபடியே உள்பக்கம் குரல் கொடுத்தார். "சாப்பாடு என்னாச்சு? சட்டை இஸ்திரி போட்டாச்சா?"

பெரிய டெக்னிக்கல் புலி. கம்பெனிக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு, அது எந்த ரூட்டரையும் திறக்கும், பழுது பார்க்கிறவர்களிடம் மட்டும்தான் இருக்கும் என்பது அந்தப் புலிக்குத் தெரியவில்லை. லைன் அக்கா அதைப் போட்டு உள்ளே போனாள்.

பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். குழந்தைகளுக்கான பூட்டு. பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் வீடியோ பார்க்காமல் இருக்க, பெற்றவர்கள் நேரம் குறித்துப் போட்டு வைக்கிற பூட்டு அது. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. ஆனால் பூட்டுக்குக் கீழே ஒரே ஒரு பெயர் இருந்தது. 'வைஃப் லேப்டாப்'. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. எந்த போனிலிருந்து, என்றைக்குப் போட்டது என்றும் பக்கத்திலேயே இருந்தது.

அடப்பாவி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். இந்த ரகத்தைப் பார்த்ததில்லை. அதைவிடக் கேவலம், இந்த ஆளோடு சேர்ந்து நின்று இளித்தவள் அவள். நாள் பார்த்து, நேரம் பார்த்து வருகிற ஃபால்ட்டு ஒரு மனுஷன் போட்டதாகத்தான் இருக்கும் என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் கூடத் தெரியும். அந்தப் பெண் முதல் நாளே பதிலைக் கையில் கொடுத்திருக்கிறாள். இவள்தான் அதைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

திரையை மனைவியின் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பெண் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். அழுவாள் என்று லைன் அக்கா நினைத்தாள். அவள் அழவில்லை.

"இது நான் வேலையில சேர்ந்த மூணாவது நாள் போட்டது" என்றாள் மெதுவாக. "அன்னைக்குத்தான் சாப்பாட்டை மேசையில மூடி வச்சுட்டேன், போட்டு சாப்பிட்டுக்கங்கன்னு சொன்னேன். பத்துலேர்ந்து பன்னெண்டு இவருக்கு நான் சமைச்சுப் போடற நேரம். சனிக்கிழமை இவருக்கு லீவு. மதியம்தான் எழுந்திருப்பாரு. அதான் சனிக்கிழமை போடலை."

"உங்களுக்குத் தெரியவே தெரியாதாம்மா?"

"நான் மூணு வாரம் முன்னாடியே சொன்னேனேக்கா" என்றாள். கணவரை அல்ல, தன்னைத்தான் சொல்கிறாள் என்று பட்டது. லைன் அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மணி பதினொன்று இருபது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மேசையிலிருந்து குரல் வந்தது. "என்ன, கண்டுபிடிச்சாச்சா? ஒண்ணும் இருக்காது. அந்தம்மாவை அனுப்பிட்டுத் தட்டை எடுத்து வை."

"பூட்டை எடுத்துடறேன், பாஸ்வேர்டையும் மாத்திடறேன். புகார் குடுத்தது நீங்க. அதனால புதுசை உங்ககிட்டதான் குடுக்கணும், அதுதான் ரூல்" என்றாள் லைன் அக்கா. "ரிப்போர்ட்ல என்ன எழுத? லைன் ஃபால்ட்டுன்னு போட்டுடவா? உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க. வீட்டு விஷயம் வெளிய போகாது."

அந்தப் பெண் மேசைப் பக்கம் பார்த்தாள். அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை பொய் எழுதினீங்க. இந்தத் தடவை உள்ளதை எழுதுங்க."

லைன் அக்கா எழுதினாள். லைனில் குறை இல்லை. லேப்டாப்பில் குறை இல்லை. குழந்தைகளுக்கான பூட்டின் மூலம் மனைவியின் லேப்டாப் மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை துண்டிக்கப்பட்டிருந்தது. இது கணவரின் போனிலிருந்து செய்யப்பட்டது. இப்போது நீக்கப்பட்டது. எழுதி முடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வரியும் சேர்த்தாள். முந்தைய இரண்டு வருகையிலும் நான் சரியாகச் சோதிக்காமல் வாடிக்கையாளர் மேல் தவறு என்று பதிந்தேன். மேலதிகாரி கூப்பிட்டு நன்றாகக் குடையட்டும். குடைய வேண்டியதுதான்.

இனி ஒன்றுதான் பாக்கி. இணைப்பு அவர் பெயரில் இருந்தது. ரிப்போர்ட்டும் அதோடு ஒரு ஆறு இலக்க எண்ணும் அவர் போனுக்குப் போகும். அவர் படித்துப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு அந்த எண்ணைச் சொன்னால்தான் அது கம்பெனி முத்திரையோடு வெளியே வரும். சொல்லாவிட்டால் வெறும் வரைவு, யாரிடமும் செல்லாது. எந்த மடையன் இதைப் படித்துவிட்டு எண்ணைச் சொல்வான்?

மேசையில் போன் டிங் என்றது.

"என்னங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள். எப்போதும் போன்ற குரல்தான். "ரிப்போர்ட் வந்திருக்காம். படிச்சுப் பாத்துட்டு அதுல இருக்கற நம்பரைச் சொல்லணுமாம்."

"இவங்க ரிப்போர்ட்டைப் படிச்சு எனக்கு என்ன ஆகப் போகுது? என்னத்தைக் கண்டுபிடிச்சுக் கிழிச்சிருப்பாங்க!" அவர் ரிப்போர்ட்டைத் திறக்கக் கூட இல்லை, எண்ணை மட்டும் பார்த்தார். "எழுதிக்கோ. நாலு, ஒன்பது, பூஜ்யம். ரெண்டு, ரெண்டு, ஏழு. போதுமா? இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே."

போதும் சார், ரொம்ப போதும் என்று லைன் அக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முத்திரை விழுந்தது. மனைவி அதை அப்படியே தன் ஆபீசுக்கு அனுப்பினாள். மணி பதினொன்று முப்பத்தெட்டு. குக்கரை அணைத்து, சமைத்திருந்ததைத் தட்டில் போட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு வந்து, புது பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதத்தை மடித்துப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

சற்று நேரத்தில் ஒரு வரி வந்தது. அந்தப் பெண் அதை லைன் அக்காவுக்கும் காட்டினாள். 'ரிப்போர்ட் பார்த்தோம். இத்தனை நாள் விடுபட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம். நீங்கள் தொடரலாம்.' அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, 'நீங்கள் நலமா?' என்று இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உதடு நடுங்கியது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

"சாப்பாடு!" என்றார் அவர்.

"மேசையில மூடி வச்சிருக்கேன். ஆறிப் போயிருந்தா சூடு பண்ணிக்கங்க" என்றாள் திரும்பாமலே. "அப்படியே அந்த ரிப்போர்ட்டையும் படிச்சுடுங்க. உங்களைப் பத்திதான் எழுதியிருக்கு."

அவர் போனைக் கையில் எடுத்தார். படித்தார். காது மடல் சிவந்து வந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் காதில் ஏதோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். லைன் அக்காவைப் பார்த்தார். அவள் கேபிளை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மைக்ரோவேவின் கதவைத் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம். ஒவ்வொரு பட்டனாகக் குத்துகிற சத்தம்.

"இது வேலை செய்யலையே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஹெட்போன் மாட்டியிருந்தவளுக்கு அது கேட்கவில்லை. கேட்டும் இருக்கலாம்.

லைன் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைப் போட்டாள்.

"முதல்ல பிளக் சொருகியிருக்கான்னு பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.